கையில் ஊற்றிக் காட்டிய மிட்ஜ்லி

தாமஸ் மிட்ஜ்லி என்கிற பெயர் நம்மில் பலருக்கு யூடியூப் வழியாகத்தான் தெரியும். ஊர் உலகத்துக்கே விஷம் வைத்த மனுஷன், கடைசியில் தானே செய்த கருவி கழுத்தை நெரிச்சு செத்துப்போனார் என்று பத்து நிமிஷத்தில் கதையை முடித்துவிடுவார்கள். பார்க்கிறவர்களும் கர்மா சும்மா விடாது என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கர்மாக் கணக்கில் எனக்கு உடன்பாடு கிடையாது. மிட்ஜ்லி உலகத்துக்குக் கொடுத்த பொருள்கள் இரண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் ஒன்று, ஃப்ரிட்ஜுக்குள் ஓடிய ஃப்ரீயான் வாயு இன்னொன்று. இரண்டுமே பிற்காலத்தில் பெரிய கேட்டைக் கொண்டுவந்தன. ஆனால் ஒன்றில் அவருக்குத் தெரியாது. இன்னொன்றில் தெரியும். இரண்டையும் ஒரே சாபத்தில் சேர்த்து எழுதிவிட்டால் தெரிந்து செய்த காரியம் சத்தமில்லாமல் தப்பித்துவிடுகிறது. டொரண்டோ, லண்டன், சிங்கப்பூர் என்று எங்கே போனாலும் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்ஜினியர்கள். ஏதோ ஒரு சோதனை அறிக்கையின் கீழே கையெழுத்துப் போடுகிறவர்கள். அதனால் இந்த மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

1889 மே 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பீவர் ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் ஒரு கண்டுபிடிப்பாளர்தான். வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில். 1911ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். என்ன பட்டம் தெரியுமா? மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பின்னாளில் அமெரிக்க வேதியியல் சங்கத்துக்கே தலைவராக வந்தவர் முறையாக வேதியியல் படித்தவர் இல்லை. வேலையில் இருந்துகொண்டே தானாகக் கற்றுக்கொண்டது அது.

1916ல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கெட்டரிங் சாதாரண ஆள் இல்லை. கார் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடுகிற ஸ்டார்ட்டரைக் கொடுத்தவர். சில ஆண்டுகளில் அந்த ஆய்வுக்கூடம் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. மிட்ஜ்லிக்குக் கிடைத்த வேலை, எஞ்சின் ஏன் தட்டுகிறது என்று கண்டுபிடிப்பது.

பழைய ஸ்கூட்டரையோ அம்பாஸடரையோ மேட்டில் ஏற்றினவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, பொறி பட்ட இடத்தில் பற்றி ஒழுங்காகப் பரவி எரிய வேண்டும். அழுத்தம் கூடினால் பொறி போய்ச் சேருவதற்கு முன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றி வெடிக்கும். சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம் வரும். சக்தி குறையும், எஞ்சினும் கெடும். இந்தத் தட்டலுக்குப் பயந்துதான் அந்தக் கால எஞ்சின்களில் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள். அதனால் பெட்ரோல் வீணானது. தட்டலை நிறுத்துகிறவனுக்கு மோட்டார் உலகமே கடன்பட்டிருக்கும்.

மிட்ஜ்லி இறங்கிய விதம் வேடிக்கையானது. பனி விலகாத போதே பூக்கும் ஒரு காட்டுச் செடிக்கு இலை சிவப்பாக இருக்கும், அந்த நிறம்தான் சூட்டை வாங்குகிறதோ என்று கெட்டரிங் யோசித்தார். எரிபொருளையும் சிவப்பாக்கிப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். எண்ணெயில் கரைகிற சிவப்புச் சாயம் கையில் இல்லை. அயோடின் இருந்தது. கலந்தார்கள். தட்டல் நின்றுவிட்டது! பிறகு நிஜச் சாயம் வாங்கிப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் சம்பந்தமே இல்லை, அயோடின் என்ற பொருளில்தான் விஷயம் இருக்கு என்று புரிந்தது. தப்பான யோசனை சரியான கதவைத் திறந்துவிட்டது. அயோடின் விலை கூடியது, எஞ்சினையும் அரிக்கும். வேறு பொருள் தேட ஆரம்பித்தார்கள்.

தேடல் ஐந்து வருஷம் போனது. செலினியம், டெல்லூரியம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். டெல்லூரியம் நன்றாகவே வேலை செய்தது, ஆனால் பூண்டும் வேறெதோவும் சேர்ந்து அழுகின மாதிரி ஒரு நாற்றம். வேலை செய்தவர்கள் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு, குளித்தாலும் போகாமல், வீட்டில் பக்கத்தில் யாரும் உட்கார முடியாத நிலை. கடைசியில் தனிம வரிசை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போனால் பலன் கூடுகிறது என்று கணக்குப் போட்டு நகர்ந்தார் மிட்ஜ்லி. அது அவரை ஈயத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற எண்ணெய் போன்ற திரவத்தை எஞ்சினில் விட்டார்கள். தட்டல் போன இடம் தெரியவில்லை. ஒரு கேலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம்.

ஈயம் என்றதும் நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைக்க வேண்டாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். காரீயம் விஷம் என்பது 1921ல் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. பெயின்ட் தொழிலாளிகள், அச்சுக் கோர்ப்பவர்கள், குழாய் வேலை செய்பவர்கள் எல்லாம் வயிற்று வலியிலும் கை விழுந்துபோய்விடுகிற பக்கவாதத்திலும் அவதிப்பட்டது மருத்துவர்களுக்குப் பழைய கதை. இந்தத் திரவம் அதைவிட மோசம். கொழுப்பில் கரையும், தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும், மூளைக்குப் போகும்.

இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் ஈயத்தை விட்டால் வேறு வழியே இல்லை என்றுதான் பிற்காலத்தில் சொன்னார்கள். வழி இருந்தது. அது சாராயம்! எத்தனால் கலந்த பெட்ரோல் தட்டாது என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கலவைக்கு அவரே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார், அதைப் பற்றி மேடைகளில் பேசியும் இருக்கிறார். ஆனால் சாராயத்தைச் சோளம் வைத்திருக்கிற எந்த விவசாயியும் காய்ச்சிவிடலாம். கலக்க வேண்டிய அளவும் அதிகம், அந்த அளவுக்கு பெட்ரோல் விற்பனை குறையும். ஈயத் திரவம் அப்படி இல்லை. துளி போதும், காப்புரிமை கம்பெனி கையில் இருக்கும், விற்கிற ஒவ்வொரு கேலனிலும் காசு வரும். பொருளுக்கு எத்தில் என்று பெயர் வைத்தார்கள். விளம்பரத்தில் ஈயம் என்ற சொல்லே வராது. பெயரிலேயே பாதிப் பொய் முடிந்துவிட்டது என்று சொல்லணும்.

1922 கடைசியில், பொருள் சந்தைக்கு வருவதற்கு முன்பே, அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரி கேள்வி கேட்டு எழுதினார். இத்தனை கார்களின் புகையிலும் ஈயம் வந்தால் மக்கள் உடம்புக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பதில் எழுதியவர் மிட்ஜ்லி. இதைப் பற்றி நாங்கள் மிகவும் தீவிரமாக யோசித்திருக்கிறோம், சாதாரணத் தெருவில் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குத்தான் ஈயம் இருக்கும் என்கிற அர்த்தத்தில் எழுதினார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கு. இதற்காகச் சோதனை எதையும் நேரில் செய்து பார்க்கவில்லை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

எனக்கு மிட்ஜ்லியின் வாழ்க்கையிலேயே முக்கியமான தாள் இதுதான். தட்டலுக்காக ஐந்து வருஷம் ஒவ்வொரு பொருளாக எஞ்சினில் போட்டுப் பார்த்த மனிதர் இவர். சிவப்பு நிறம் காரணமா இல்லையா என்றுகூட ஊகத்தில் விடவில்லை, சாயம் வாங்கிப் போட்டுச் சோதித்துத்தான் இல்லை என்று சொன்னார். எஞ்சின் விஷயத்தில் அவ்வளவு நேர்மை. மனித உடம்பு என்று வந்தபோது யோசித்ததே போதும் என்றார்.

அந்தக் கடிதம் எழுதிய அதே நாட்களில் அவர் உடம்பே பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பது இன்னும் கொடுமை. 1923 தொடக்கத்தில் நுரையீரல் பாதிக்கப்பட்டு, வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, நல்ல காற்றுக்காக ஃப்ளோரிடாவுக்குப் போனார். ஈயத்தோடு ஒரு வருஷம் பழகியதால் வந்தது என்று அவருக்கே தெரியும். அவர் அங்கே ஓய்வெடுக்கப் போன அதே குளிர்காலத்தில், 1923 பிப்ரவரி 2 அன்று, டேட்டனில் ஒரு பங்கில் எத்தில் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அந்த வருஷம் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் எத்தில் போட்டு ஓடியவை. அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

பிறகு சாவுகள் வந்தன. டேட்டனில் இரண்டு தொழிலாளிகள். நியூஜெர்சியில் டீப்வாட்டர் என்ற இடத்தில் டூபான்ட் கம்பெனி ஆலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் காற்றில் இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்ட ஆரம்பித்தார்கள். மூளைக்குப் போன ஈயம் காட்டிய பூச்சிகள். சக தொழிலாளிகள் அந்தக் கட்டடத்துக்குப் பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வைத்தார்கள். 1924 அக்டோபரில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் விஷயம் வெடித்தது. 49 பேர் வேலை செய்த பிரிவில் 5 பேர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள், சிலரை இறுக்கக் கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். பத்திரிகைகள் இதற்குப் பைத்திய வாயு என்று பெயர் வைத்தன.

அக்டோபர் 30 அன்று நியூயார்க்கில் நிருபர்களைக் கூப்பிட்டார்கள். பேச வந்தவர் மிட்ஜ்லி. அந்தத் திரவத்தை எடுத்துத் தன் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். பாட்டிலை மூக்கின் அடியில் பிடித்து ஒரு நிமிஷம் முகர்ந்தார். இதை தினமும் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

ஒரு நிமிஷ நாடகம். ஆனால் இதில் உள்ள வித்தை சாமானியம் இல்லை. ஈயம் அப்போதே ஆளைச் சாய்க்கிற விஷம் கிடையாது, நாள்பட உடம்பில் சேர்ந்து வேலை காட்டுவது. ஒரு நிமிஷம் முகர்ந்து யாரும் அங்கேயே விழப்போவதில்லை. அதாவது தோற்கவே முடியாத ஒரு சோதனையை எல்லார் கண் முன்னாலும் செய்து காட்டினார். பார்த்த நிருபர்களுக்கு அது தெரியாது. ஃப்ளோரிடாவுக்குப் போய் வந்தவருக்குத் தெரியும். அதே வாரத்தில் அரசுச் சுரங்கத் துறையின் முதல் கட்ட ஆய்வும் பொதுமக்களுக்கு ஆபத்தில்லை என்று வெளியானது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ். முடிவை வெளியிடுவதிலும் கம்பெனிக்குச் சொல்ல உரிமை இருந்தது.

ஆனாலும் பயம் அடங்கவில்லை. நியூயார்க் நகரம், நியூஜெர்சி, ஃபிலடெல்ஃபியா தடை விதித்தன. 1925 மே 20 அன்று வாஷிங்டனில் மாநாடு கூடியது. தொழிலாளர் நோய்களில் அன்றைக்கு அமெரிக்காவில் பெரிய பெயர் ஆலிஸ் ஹாமில்டன், ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியர். அவர் எழுந்து, ஈயம் இருக்கிற இடத்தில் நோய் வராமல் இருந்ததே இல்லை என்று எதிர்த்தார். கம்பெனித் தரப்போ இந்தப் பொருள் கடவுள் கொடுத்த வரம் என்கிற அளவுக்குப் போனது. குழு அமைத்தார்கள். 252 பேரைச் சோதித்தார்கள், சில மாதங்கள்தான். 1926 ஜனவரியில் தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்று அறிக்கை வந்தது. கார்கள் பெருகும்போது நிலைமை மாறலாம், அரசுப் பணத்தில் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த நாற்பது வருஷம் ஈயத்தைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் கம்பெனிப் பணத்தில், ராபர்ட் கிஹோ என்ற ஒரே மருத்துவரைச் சுற்றித்தான் நடந்தது.

இதில் கனடாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். அங்கே படித்து முடிக்கிற இன்ஜினியர்கள் சுண்டு விரலில் போட்டுக்கொள்கிற இரும்பு மோதிரம், அந்தச் சடங்கு முதன்முதலாக மான்ட்ரியலில் நடந்தது இந்த மாநாட்டுக்குச் சில வாரம் முன்னால், 1925 ஏப்ரலில்தான். இடிந்து விழுந்த கியூபெக் பாலத்து இரும்பில் செய்தது என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது கட்டுக்கதை. சடங்கு நிஜம்.

இப்போது ஃப்ரீயானுக்கு வருவோம். 1920களின் ஃப்ரிட்ஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டையாக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள் ஓடின. கசிந்தால் ஆளைக் கொல்லும், சிலது தீப்பிடிக்கும். கெட்டரிங் மறுபடியும் மிட்ஜ்லியைத்தான் கூப்பிட்டார். ஆல்பர்ட் ஹென், ராபர்ட் மெக்னேரி இருவரோடு சேர்ந்து, 1928ல், சொல்லப்போனால் சீக்கிரமே, டைகுளோரோ டைஃப்ளுரோ மீத்தேன் என்ற பொருளைப் பிடித்தார். 1930ல் வேதியியல் சங்கக் கூட்டத்தில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது.

மேடை நாடகம் அதேதான். ஆனால் இந்த முறை சொன்னது உண்மை. மூச்சில் போனால் ஆபத்தில்லை என்றார், ஆபத்தில்லை. பற்றாது என்றார், பற்றாது. கேட்ட கேள்விக்குச் சோதனை செய்து பதில் சொன்னார். வானத்தின் உச்சியில் ஓசோனை அது தின்னும் என்று மோலினாவும் ரோலண்டும் சொன்னது 1974ல், அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து. அந்தக் கேள்வியையே 1930ல் கேட்க ஆள் இல்லை. ஃப்ரீயானுக்காக மிட்ஜ்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எந்த இன்ஜினியரும் மிஞ்சமாட்டார். ஈயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே கேள்வி தபாலில் வந்தது, பதிலும் போனது.

விருதுகளுக்குக் குறைவில்லை. 1937ல் பெர்கின் பதக்கம், 1941ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் உயர்ந்த விருதான பிரீஸ்ட்லி பதக்கம், 1944ல் சங்கத் தலைவர் பதவி. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். 1940ல், 51 வயதில், போலியோ தாக்கிக் கால்கள் செயலிழந்தன. அப்போதும் மூளை சும்மா இருக்கவில்லை. கயிறும் கப்பியும் வைத்து, யார் உதவியும் இல்லாமல் படுக்கையிலிருந்து எழ ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். 1944 நவம்பர் 2 அன்று ஒஹையோவில் வீட்டில் அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55. வெளியில் விபத்து என்று சொல்லப்பட்டது, மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று பதிவு செய்தார். நாலு வருஷமாகப் படுத்த படுக்கையாக இருந்த ஒரு நோயாளியின் சாவு அது. சிரிக்கவோ கர்மா என்று தலையாட்டவோ அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் போன பிறகும் பொருள் ஓடியது. பூமியின் வயதைக் கணக்கிடப் பாறையில் ஈயத்தை அளந்துகொண்டிருந்த கிளேர் பேட்டர்சன், தன் ஆய்வுக்கூடத்தில் எங்கே தொட்டாலும் வெளியிலிருந்து வந்த ஈயம் ஒட்டுகிறதே என்று குழம்பி, அதைத் துரத்திக்கொண்டு போய் பெட்ரோலில் நின்றார். 1965ல் அவர் வெளியிட்ட கட்டுரை கிஹோவின் நாற்பது வருஷக் கணக்கைக் கலைத்துப் போட்டது. எல்லாருடைய உடம்பிலும் இருக்கிற ஈயம் இயற்கையானது என்று கிஹோ சொல்லிவந்தார். எல்லாருக்கும் இருப்பதும் இயற்கையாக இருப்பதும் வேறு வேறு என்றார் பேட்டர்சன். அதற்காக ஆராய்ச்சிப் பணத்தை இழந்தார். 1979ல் ஹெர்பர்ட் நீடில்மேன், குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்து, ஈயம் கூடினால் படிப்பும் கவனமும் குறைவதைக் காட்டினார். அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்க ஆரம்பித்ததும், 1976க்கும் 1980க்கும் நடுவிலேயே மக்கள் ரத்தத்தில் சராசரி ஈயம் 37 சதவீதம் விழுந்தது. 1922 கடிதத்தில் கண்டுபிடிக்கவே முடியாது என்று எழுதின அதே ஈயம்தான்.

கனடா 1990ல் நிறுத்தியது. சிங்கப்பூர் 1998ல். பிரிட்டனும் இந்தியாவும் 2000ல். சென்னையிலோ மதுரையிலோ 2000க்கு முன்னால் சிறு பிள்ளைகளாக இருந்துவிட்டு வந்தவர்கள், பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒவ்வொரு நாளும் அந்தப் புகையைத்தான் இழுத்திருக்கிறோம். பணக்கார நாடுகள் கைவிட்ட பிறகு சரக்கு ஏழை நாடுகளுக்குப் போனது. இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட்டில் இதைத் தயாரித்த இன்னோஸ்பெக் கம்பெனி, இந்தோனேசியா ஈயத்தை நிறுத்திவிடாமல் இருக்க அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2010ல் லண்டன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் பங்குகளில் விற்பனையை நிறுத்தியது.

கார்களுக்கு அதோடு முடிந்தது. பிஸ்டன் எஞ்சினில் ஓடுகிற சின்ன விமானங்களுக்கு இன்னும் முடியவில்லை. அவற்றுக்கு ஊற்றுகிற நீல நிற பெட்ரோலில் மிட்ஜ்லியின் அதே திரவம்தான் கலந்திருக்கிறது. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிற கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், ரீட் ஹில்வியூ என்று வீடுகளுக்கு நடுவிலேயே ஒரு சிறு விமான நிலையம். அதன் அருகில் வளரும் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக 2021ல் ஆய்வு வந்தது. அடுத்த ஜனவரி முதல் அங்கே அந்தப் பெட்ரோலை விற்பதை மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிட்டது. மற்ற பல விமான நிலையங்களில் இன்றும் அதைத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.